மாநாட்டு நேரலை பிறந்த கதை

திலகர் திடல் என்றால் இன்று மதுரைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் ஞாபகத்துக்கு வரும். சிம்மக்கல்லை ஒட்டிய அந்த மண்ணுக்குத் திலகர் பெயர் வந்தது சந்தைக்காக அல்ல. கூட்டம் போட்டு அரசியல் பேசிய ஊர் இது. அந்தக் காலத்துப் பொதுக்கூட்டத்தில் பேச்சாளருக்கு அடுத்த முக்கியமான ஆள் மைக்செட்காரர். குழாய் ஒலிபெருக்கியை எந்தக் கம்பம் வரை கட்டுகிறாரோ, அதுவரைதான் தலைவரின் குரல் போகும். யானைக்கல் வரை ஒயர் இழுத்தால் யானைக்கல்லில் கடை வைத்திருப்பவரும் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்பார். ஒயர் தீர்ந்த இடத்தோடு கூட்டமும் தீர்ந்தது. இன்னாருக்குக் கேட்க வேண்டாம் என்று யாரும் அறிவித்ததில்லை. ஆனால் ஒயரின் நீளம் அதைச் சத்தமில்லாமல் தீர்மானித்தது.

அரசியல் நிகழ்ச்சியை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிற வித்தையும் அதே கேள்வியோடுதான் பிறந்தது. ஒயரை எதுவரை இழுப்பது? எவர் வீட்டுக் கணினியில், எவர் கைப்பேசியில் இந்தப் படம் ஓடும்? எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பொறியாளர்கள் மட்டும் பேசி முடிக்கிற விவகாரம் என்று கட்சிகள் நெடுநாள் நினைத்திருந்தன. அது அரசியல் முடிவு என்பது தெரியவந்த ஓர் இடம் அமெரிக்காவின் டென்வர்.

2008 ஆகஸ்டில் அங்கே ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது. பராக் ஒபாமாவை அதிபர் வேட்பாளராக அறிவித்த மாநாடு. தொலைக்காட்சிகள் முக்கியமான உரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்ச நேரத்தைத் தங்கள் விமர்சகர்களின் பேச்சால் நிரப்பும். அப்படி இல்லாமல் தொடக்கம் முதல் முடிவு வரை முழு மாநாட்டையும் இணையத்தில் காட்ட அமைப்பாளர்கள் விரும்பினார்கள். அதற்காக அவர்கள் பிடித்தது மைக்ரோசாஃப்ட்டின் சில்வர்லைட்.

அப்போது உலாவிகளுக்குத் தாமாக வீடியோ ஓட்டத் தெரியாது. தனியாக ஒரு செருகு மென்பொருளை இறக்கி நிறுவ வேண்டும். அடோபியின் ஃப்ளாஷ் ஏறத்தாழ எல்லாக் கணினியிலும் இருந்தது. 2005இல் தொடங்கிய யூட்யூப் வளர்ந்ததே ஃப்ளாஷை நம்பித்தான். சில்வர்லைட் அதற்குப் போட்டியாக 2007 செப்டம்பரில் வந்த புதுச்சரக்கு. படம் தெளிவாக இருந்தது, அதில் குறையில்லை. விண்டோஸ் வைத்திருப்பவரும் இன்டெல் சில்லு உள்ள மேக் வைத்திருப்பவரும் பார்த்தார்கள். லினக்ஸ் பயன்படுத்துவோரும் பழைய மேக் வைத்திருந்தவர்களும் வாசலிலேயே நின்றார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 2009 ஜனவரி 20 அன்று ஒபாமா பதவியேற்றார். பதவியேற்பு விழாக் குழுவின் அதிகாரபூர்வ நேரலையும் சில்வர்லைட்டில்தான். கட்சி மாநாட்டைக்கூட விட்டுவிடலாம். ஒரு நாட்டின் அதிபர் உறுதிமொழி எடுப்பதைப் பார்க்க, குடிமகன் இன்ன நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? லினக்ஸ்காரர்கள் கேட்டதும் அதுதான். நோவெல் நிறுவனத்தில் மிகெல் டி இகாசா தலைமையில் இயங்கிய ஒரு குழு, லினக்ஸில் சில்வர்லைட் படங்களை ஓட்டுவதற்காக மூன்லைட் என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் குழு ராப்பகலாக வேலை செய்து, கடைசி நேரத்தில் விழாவுக்கு அதை ஒப்பேற்றிக் கொடுத்தது. உள்ளே வரமுடியாதவர்கள் தங்களுக்கான கதவைத் தாங்களே செதுக்கிக்கொண்டார்கள் என்பதால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அதே நாளில் சி.என்.என். வேறு வழியில் போனது. ஃப்ளாஷ் படம், கூடவே ஆக்டோஷேப் என்ற டென்மார்க் நிறுவனத்தின் செருகு மென்பொருள். அதை நிறுவிய பார்வையாளரின் கணினி, தனக்கு வந்த படத்தை அடுத்தவருக்கும் கொஞ்சம் அனுப்பி வைக்கும். பந்தியில் வாங்கியவரே பக்கத்து இலைக்கும் பரிமாறுவது போன்ற ஏற்பாடு. ஒரே நேரத்தில் 13 லட்சம் இணைப்புகள் வரை அங்கே ஓடின. அப்படியும் பலருக்கு இடம் கிடைக்காமல் காத்திருக்கச் சொல்லும் பக்கம்தான் வந்தது. இணையத்தில் பல நிறுவனங்களின் படங்களைச் சுமந்து செல்லும் ஆகமாய், தன் வலையமைப்பில் உச்ச நேரத்தில் 70 லட்சத்துக்கும் மேல் ஓட்டங்கள் ஒன்றாக ஓடியதாக அறிவித்தது. அதுவரை இணையம் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்ததில்லை.

இந்தச் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஓரளவு தெளிவான ஒரு படத்துக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் பார்த்தால் நொடிக்கு 100 கிகாபிட். தொலைக்காட்சிக் கோபுரம் ஒரே அலையை வீசும்; பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்கு ஒரே செலவு. இணையத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் படி போக வேண்டும். கூட்டம் கூடக் கூடச் செலவும் சேர்ந்து கூடும். ஆகவே பெரிய தலைவர், பெரிய கூட்டம் என்றாலே நேரலைக்குப் பெரிய கண்டம்.

தீர்வு 2009லேயே ஆப்பிளிடமிருந்து ஐஃபோனுக்காக வந்தது. பெயர் எச்.எல்.எஸ். நேரலையைப் பத்துப் பத்து வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சாதாரண இணையப் பக்கம் போகிற அதே வழியில் அனுப்புவது அதன் சூட்சுமம். அதற்கென்று தனி வகை வழங்கி தேவையில்லை. துண்டுகளை ஊருக்கு ஊர் உள்ள சேமிப்பு வழங்கிகளில் வைத்துவிட்டால், மதுரையில் கேட்பவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு முறையும் படம் வரவேண்டியதில்லை. ஒரே காட்சியைப் பல தரத்தில் நறுக்கி வைப்பதால், சிக்னல் குறைந்தால் மங்கலான துண்டு, கூடினால் தெளிவான துண்டு என்று கைப்பேசியே பார்த்து எடுத்துக்கொள்ளும். பேருந்து ஓடும்போது படம் மங்கித் தெளிவது இதனால்தான். துண்டு சேரக் காத்திருக்க வேண்டியிருப்பதால் அரை நிமிடம்வரை தாமதமாகும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கைதட்டல் கேட்டு முடிந்த பிறகு நம் கைப்பேசியில் தலைவர் அந்த வரியைச் சொல்வார்.

உலாவிக்குள்ளேயே வீடியோ ஓடும் எச்.டி.எம்.எல். 5 முறையும் வளர்ந்து, 2015 ஜனவரியில் யூட்யூப் அதையே இயல்பான முறையாக்கிக்கொண்டது. செருகு மென்பொருள்களின் காலம் முடிந்தது. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31 அன்று கடையை மூடியது. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரோடு ஆதரவு நின்றது. டென்வரில் சில்வர்லைட்டுக்காகக் கட்டிய பக்கம், இன்றைய உலாவி எதிலும் அந்த வடிவில் ஓடாது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேறு பாதையில் வந்தது. முதலமைச்சர் காணொலிக் காட்சி வழியாகத் திறந்து வைத்தார் என்ற செய்தியைக் கேட்காத நாளே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ரயிலையே ஜெயலலிதா தலைமைச் செயலகத்தில் இருந்தபடி காணொலியில்தான் தொடங்கி வைத்தார். அது அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான கம்பி. மக்கள் அதைப் பார்த்தது தொலைக்காட்சிச் செய்தியில். தலைவர் தூரத்தில் இருந்தாலும் நிகழ்ச்சி நடக்கும் என்ற பழக்கத்தை அது ஏற்படுத்தியது. ஆனால் மக்களை உள்ளே கொண்டுவரவில்லை.

வடக்கே, 2012 ஆகஸ்ட் 31 அன்று குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி கூகுள் பிளஸ் ஹேங்கவுட்டில் பேசினார். நெரிசலால் நிகழ்ச்சி தாமதமாகத்தான் தொடங்கியது. 2014 பிப்ரவரியில் 'சாய் பே சர்ச்சா' என்ற தேநீர்க்கடைப் பேச்சை நடத்தியபோது அவருடைய குழு இணையத்தை மட்டும் நம்பவில்லை, செயற்கைக்கோள், டி.டி.எச்., கைப்பேசி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது. அன்றைய இந்திய இணையத்தின் மேல் அந்தக் குழு வைத்திருந்த மதிப்பீடு அவ்வளவுதான். அது சரியான மதிப்பீடு என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் நேரலை உண்மையாகப் பிறந்தது 2017 ஜனவரியில். அதைப் பெற்றெடுத்தது எந்தக் கட்சியும் அல்ல.

அந்த மாதத்துக்கு முன்பே இரண்டு ஏற்பாடுகள் தற்செயலாக வந்து சேர்ந்திருந்தன. ஃபேஸ்புக் தன் நேரலை வசதியை 2016 ஏப்ரலில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ கைப்பேசிச் சேவை வந்தது. அதுவரை ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, சொட்டுச் சொட்டாகச் செலவழித்த பிள்ளைகளின் கையில் இலவச 4ஜி. 2017 மார்ச் 31 வரை நாளொன்றுக்கு 1 ஜி.பி. இலவசம். நொடிக்கு 1 மெகாபிட் கணக்கில் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலான வீடியோ. அந்த இலவசத்தின் நட்ட நடுவில் வந்தது தை மாதம்.

அலங்காநல்லூரில், தடை செய்யப்பட்டிருந்த ஜல்லிக்கட்டைக் கேட்டு உட்கார்ந்தவர்களை ஜனவரி 17 விடிகாலையில் போலீஸ் அப்புறப்படுத்தியதும் போராட்டம் சென்னை மெரினாவுக்கும் மதுரைத் தமுக்கம் மைதானத்துக்கும் ஊர் ஊராகவும் பரவியது. சிம்மக்கல்லுக்கு எதிர்க்கரையில், செல்லூர் வைகைப் பாலத்தின் மேல் கோவை–நாகர்கோவில் பயணிகள் ரயிலை மறித்தார்கள். நாள்கணக்கில் அது பாலத்திலேயே நின்றது. மேடை இல்லை, தலைவர் இல்லை, கேமரா வண்டி இல்லை. ஒருவர் கையைத் தூக்கிக் கைப்பேசியைத் திருப்பினால் அதுதான் ஒளிபரப்பு. ‘லைவ் போடு’ என்ற பேச்சு அந்த ஒரு வாரத்தில் தமிழ்நாடு முழுக்க ஊறியது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்த பிள்ளைகள் தங்கள் ஊர்க்காரரின் கைப்பேசி வழியாக அதே கூட்டத்தில் நின்றார்கள். ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. நேரலையால்தான் சட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன். மாடுபிடி வீரர்களும் மாணவர்களும் நேரில் உட்கார்ந்ததால் வந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தை ஊருக்கு ஊர் பெருக்கியது கைப்பேசி நேரலை. மதுரையின் கட்சிக்காரர்கள் அதைக் கவனமாகப் பார்த்தார்கள்.

பார்த்ததைச் செய்ய வேண்டிய கட்டாயம் 2020இல் கொரோனா ஊரடங்கோடு வந்தது. கட்சிகளுக்கு முன்னால் கோயில் முந்திக்கொண்டது. மே 4 அன்று பக்தர்கள் இல்லாமல் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தை இந்து சமய அறநிலையத் துறை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. பெண்கள் வீட்டிலிருந்தே படத்தைப் பார்த்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். ஜூன் 7 அன்று பீகார் மக்களிடம் அமித் ஷா இணையப் பேரணியாகப் பேசினார். செப்டம்பர் 9 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தன் பொதுக்குழுவையே காணொலியில் நடத்தியது. மு.க. ஸ்டாலின் அண்ணா அறிவாலயத்தில். உறுப்பினர்கள் மாவட்டந்தோறும் அரங்குகளில். க. அன்பழகன் அந்த மார்ச்சில் மறைந்ததால் காலியாக இருந்த பொதுச்செயலாளர் பொறுப்புக்குத் துரைமுருகனும், பொருளாளர் பொறுப்புக்கு டி.ஆர். பாலுவும் அந்தக் கூட்டத்தில் தேர்வானார்கள். நவம்பரில் 'தமிழகம் மீட்போம்' என்ற பெயரில் காணொலிப் பொதுக்கூட்டங்களை அதே கட்சி வரிசையாக நடத்தியது.

இங்கே ஒரு வேறுபாட்டை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். பொதுக்குழுவும் பொதுக்கூட்டமும் ஒன்றல்ல. பொதுக்கூட்டத்தில் தலைவர் பேச, நாம் கேட்கிறோம். படம் அரை நிமிடம் தாமதித்தாலும் குடி முழுகாது. எனவே துண்டு துண்டாக நறுக்கி அனுப்பும் முறையே போதும், கோடிப் பேரானாலும் தாங்கும். பொதுக்குழுவில் உறுப்பினர் வாய் திறக்க வேண்டும். ஆதரிக்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொன்னால் அது மேடைக்கு அப்போதே கேட்க வேண்டும். அரை நிமிடத் தாமதத்தில் விவாதம் நடக்காது. அதற்கு அரை வினாடிக்குள் இருபுறமும் போய்வரும் வேறு வகைத் தொழில்நுட்பம் வேண்டும். 2011இல் கூகுள் திறந்த மென்பொருளாக வெளியிட்ட வெப்.ஆர்.டி.சி. அந்த வகையின் முக்கியமான அடித்தளம். ஆனால் அதை லட்சம் பேருக்கு விரிப்பது கடினம். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு அரங்கில் ஆட்களைச் சேர்த்து, அரங்குகளை மட்டும் இணைப்பதால் இந்தச் சிக்கலின் அளவு சுருங்குகிறது. கேட்பதற்கு மட்டும் ஒரு தொழில்நுட்பம், பேசுவதற்கும் சேர்த்து இன்னொன்று. எதைத் தேர்கிறோம் என்பதிலேயே தொண்டர் பார்வையாளரா உறுப்பினரா என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாமே ஒருவழி நேரலையில் தேர்ந்துவிட்டன. இருவழியை வளர்க்க யாரும் மெனக்கெடவில்லை. இது எனக்கு வருத்தமான விஷயம்.

ஒருவழி நேரலை எந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதை மதுரைச் சுற்றுவட்டார வயல்வெளிகளில் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 20 அன்று வலையங்குளத்தில் அ.தி.மு.க. மாநாடு. 2025 ஆகஸ்ட் 21 அன்று பாரபத்தியில் விஜய்யின் தமிழக வெற்றிக் கழக மாநாடு. இத்தகைய திடல்களில் இப்போது மேடையைப் போலவே படப்பிடிப்புக்கும் தனித் திட்டம் உண்டு. மேலே ட்ரோன், பக்கவாட்டில் ஜிம்மி ஜிப் எனும் நீள்கைக் கேமரா, தலைவர் நடந்து வர நீண்ட நடைமேடை, தூரத்தில் நிற்பவருக்கு எல்.இ.டி. திரை. எல்லாக் கேமராவும் ஒரு மிக்ஸரில் வந்து சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவர் அழுத்துகிற பொத்தான்தான் உலகம் பார்க்கிற படம். அந்த ஒரே ஃபீடைத்தான் தொலைக்காட்சிகளும் பல நேரம் வாங்கி ஓட்டுகின்றன.

அங்கிருந்து படத்தை வெளியே அனுப்புவதில்தான் வித்தை. லட்சம் பேர் கூடிய வயலில் லட்சம் கைப்பேசியும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும். சிம் கார்டை நம்பி நேரலை போட்டவர் அங்கே திணறுவார். ஆகவே நாலைந்து சிம்களின் பலத்தை ஒன்றாகச் சேர்க்கும் முதுகுப்பைக் கருவியைப் பயன்படுத்துவார்கள்; அதைவிட நிம்மதி தற்காலிக ஃபைபர் இழுப்பது; அதற்கும் மேல் காப்பாக செயற்கைக்கோள் வண்டி. மிக்ஸரிலிருந்து யூட்யூபுக்குப் படம் பெரும்பாலும் ஆர்.டி.எம்.பி. என்ற முறையில் போகிறது. இது ஃப்ளாஷுக்காகப் பிறந்த முறை. ஃப்ளாஷ் செத்துப் பல வருடமாகியும் அதன் இந்த ஒரு நரம்பு மட்டும் ஒவ்வொரு மாநாட்டுத் திடலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் மற்ற நாள்களில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். ஊரடங்கில் கல்யாணத்துக்கு யூட்யூப் நேரலை போடக் கற்றுக்கொண்ட கைகள் அவை. முகூர்த்தத்தில் தாலி கட்டும் வினாடியைத் தவறவிடாதவர்கள் தலைவர் கையசைக்கும் வினாடியையும் தவறவிடுவதில்லை.

ஒயர் இப்போது எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. எந்தக் கைப்பேசியிலும் படம் ஓடுகிறது. டென்வரில் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது: அந்தப் படம் யாருடைய இடத்தில் இருக்கிறது, மிக்ஸர் யார் கையில் இருக்கிறது?

உச்ச நீதிமன்றம் 2022இல் அரசியல் சாசன அமர்வுகளை யூட்யூபில் காட்டத் தொடங்கியபோது, அந்தப் பதிவுகளின் உரிமையை ஒரு தனியார் நிறுவனத்திடம் விடக்கூடாது என்று முன்னாள் பா.ஜ.க. நிர்வாகி கே.என். கோவிந்தாச்சாரியா வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கென்று சொந்தத் தளம் வரும் என்று தலைமை நீதிபதி யு.யு. லலித்தின் அமர்வு சொன்னது. 2024 செப்டம்பர் 20 அன்று அதே யூட்யூப் அலைவரிசைக்குள் யாரோ புகுந்து கிரிப்டோ நாணய விளம்பரத்தை ஓட்டினார்கள். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம், நீண்ட கோரிக்கைக்குப் பிறகு, 2022 ஜனவரி 6 முதல் நேரலையானது. எதிர்க்கட்சி பேசும்போது படம் வெட்டப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் பின்னாலேயே வந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற அவையின் நேரலையில் வெட்டாத முழுப் பதிவும் பொதுவில் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையே அல்ல.

போராட்டங்கள், கட்சி மாநாடுகள் ஆகியவற்றின் பதிவுகளின் நிலை இதைவிட மோசம். 2017 ஜனவரியில் செல்லூர்ப் பாலத்திலும் தமுக்கத்திலும் போட்ட நேரலைகள் தனியார் கணக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. கணக்கை மூடினால் வீடியோவும் போய்விடும். மாநாடுகளில் மிக்ஸருக்கு வெளியே ஒவ்வொரு கேமராவும் தனித்தனியாகப் பதிவு செய்த கூட்டத்தின் முகங்கள், வயல் வழியாக நடந்து வந்த பெண்கள், தலைவர் பேசும்போது பின்வரிசையில் நடந்தவை எல்லாம் பல நேரம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கொஞ்ச நாள் இருக்கும். அடுத்த ஆர்டருக்கு இடம் வேண்டுமென்றால் அழிப்பார்கள். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மதுரை வட்டாரத்தில் நடக்கும் மாநாடுகளின் முழுப் பதிவில் ஒரு படியை, எந்த மென்பொருளிலும் திறக்கிற பொதுவான வடிவில் அங்கே ஒப்படைக்கச் சொல்லிக் கட்சிகளைக் கேட்கலாம். போராட்ட நேரலை வைத்திருப்பவர்கள் தங்கள் கோப்புகளைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு மேசை போடலாம். நூலகத்துக்கு அதற்காகத் தேவைப்படுவது சில ஹார்டு டிஸ்க்குகளும், விவரப் பட்டியல் எழுத ஒருவரும், அனுமதி தரும் ஓர் அரசாணையும்தான்.